நீங்கள் டயல் செய்த எண் (கடிதம்)

வணக்கம் சார்,

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்க்கிறேன். ஆங்கில இலக்கணப் புத்தகத்தோடு மல்லுக்கட்டுவதை விட்டு, அன்றாடம் கண்ணிலும் காதிலும் படுகிற வாக்கியங்களை எழுதிவைத்துப் படியுங்கள் என்று நீங்கள் எழுதியதைப் பார்த்து ஆரம்பித்தேன். மெட்ரோ அறிவிப்பு, பேங்க் எஸ்.எம்.எஸ்., பேப்பர் தலைப்பு என்று மூன்று நோட்டு நிரம்பிவிட்டது. ஆனால் மேனேஜர் முன்னால் நின்றால் ஒன்றும் வாயில் வரவில்லை. இன்னொரு குழப்பம். ‘யுவர் அக்கவுன்ட் ஹேஸ் பீன் டெபிட்டட் ஆன் 12 மார்ச்’ என்று பேங்கிலிருந்து வருகிறது. தேதி சொன்னால் ‘ஹேஸ் பீன்’ வரக்கூடாது என்கிறார் டியூஷன் சார். யார் சொல்வது சரி?

கே., கொரட்டூர்

அன்புள்ள கே.,

டியூஷன் சார் சொல்வதுதான் சரி. முடிந்துபோன நேரத்தைக் குறிப்பிட்டுவிட்டால் (யெஸ்டர்டே, லாஸ்ட் வீக், ஆன் 12 மார்ச்) ‘வாஸ் டெபிட்டட்’. நேரம் சொல்லாமல், பணம் போயிருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள் என்றால் ‘ஹேஸ் பீன் டெபிட்டட்’. நமக்கு இது உறுத்தாததற்குக் காரணம் தமிழ். ‘போன வருஷம் இங்கே வந்திருக்கிறேன்’ என்று நாம் தாராளமாகச் சொல்வோம். ஆங்கிலத்தில் ‘ஐ ஹேவ் கம் ஹியர் லாஸ்ட் இயர்’ இடிக்கும்.

அந்த எஸ்.எம்.எஸ்.ஸை யாரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எழுதுவதில்லை. ஒரு அச்சு வைத்திருப்பார்கள், தொகையும் தேதியும் மட்டும் மாறும். இந்திய ஆங்கிலத்தில் இந்தப் பழக்கம் பரவலாக இருக்கிறது, கேட்டால் புரிந்துகொள்ளுங்கள். நீங்கள் மெயில் எழுதும்போது ‘வாஸ்’ போடுங்கள், அது எங்கேயும் செல்லும். ஒரு வாக்கியம் அச்சில் வந்திருக்கிறது என்றால் யாரோ அப்படி எழுதினார்கள் என்றுதான் பொருள். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மூன்று இடங்களிலாவது அதே அமைப்பைப் பார்த்த பிறகு பின்பற்றுங்கள்.

இனி நோட்டு விஷயம். மூன்று நோட்டிலும் ஒவ்வொரு வரியும் ஒவ்வொரு ரகமாக இருக்கும் என்று நினைக்கிறேன். அப்படிச் சேர்த்தால் ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிட முடியாது, ஒப்பிடாமல் அமைப்பு கண்ணில் படாது. வாரத்துக்கு ஒரே அமைப்பு, அதில் எட்டு வாக்கியம் போதும்.

உதாரணத்துக்கு, எல்லோரும் ஆயிரம் தடவை கேட்டது: ‘தி நம்பர் யூ ஹேவ் டயல்ட் டஸ் நாட் எக்ஸிஸ்ட்.’ கூடவே தமிழிலும் சொல்கிறார்கள்: ‘நீங்கள் டயல் செய்த எண் உபயோகத்தில் இல்லை.’ இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். தமிழில் ‘நீங்கள் டயல் செய்த’ என்ற பெயரெச்சம் எண்ணுக்கு முன்னால் நிற்கிறது. ஆங்கிலத்தில் ‘யூ ஹேவ் டயல்ட்’ நம்பருக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொள்கிறது. ரயில் தாமதமானால் எழும்பூர் ஸ்டேஷனில் ஒலிக்கும் ‘தி இன்கன்வீனியன்ஸ் காஸ்ட்’டும் அதே குடும்பம்தான், ‘ஏற்பட்ட சிரமம்’. தி டைம் டேக்கன், தி அமவுன்ட் பெய்ட் எல்லாம் இதோடு சேரும்.

இங்கே நம்மவர்கள் வழுக்குகிற இடங்கள் இரண்டு. ஒன்று, ‘தி நம்பர் விச் ஐ டயல்ட் இட்’ என்று கடைசியில் ஒரு ‘இட்’ தொங்கும். நம்பர்தான் ஏற்கெனவே முன்னால் வந்துவிட்டதே, ‘இட்’டுக்கு வேலை இல்லை.

இரண்டாவதுதான் நுட்பமானது, பல இலக்கணப் புத்தகங்கள் தொடாமல் போவதும் அதுதான். ‘கடைக்குப் போனோம்’ என்பதைத் திருப்பினால் ‘நாங்கள் போன கடை’. அந்த ‘க்கு’ எங்கே போயிற்று? தமிழில் வேற்றுமை உருபு சத்தமில்லாமல் விழுந்துவிடும். ‘நான் பேசின ஆள்’ என்றால் அவரோடு பேசினேனா, அவரைப் பற்றிப் பேசினேனா என்று இடம் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் அது விழக்கூடாது, வால் மாதிரி கடைசியில் நிற்கும்: தி ஷாப் வி வென்ட் டு. தி மேன் ஐ ஸ்போக் டு, தி மேன் ஐ ஸ்போக் அபவுட், இரண்டும் வேறு வேறு. நாங்கள் உட்கார்ந்த பெஞ்ச், தி பெஞ்ச் வி சாட் ஆன். ‘தி ஷாப் வி வென்ட்’ என்று நிறுத்தினால், நீங்கள் தமிழில் நினைத்தீர்கள் என்பது கேட்பவருக்குத் தெரிந்துவிடும். வாக்கியம் ‘டு’வில் முடியக்கூடாது என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். அந்தக் கட்டளையை ஆங்கிலேயர்களே பேச்சில் மதிப்பதில்லை.

எட்டு வாக்கியம் சேர்ந்ததும், ஒட்டிக்கொண்ட பகுதியை மட்டும் பென்சிலால் கோடிடுங்கள். பக்கத்தில் தமிழை எழுதுங்கள், பேச்சுத்தமிழிலேயே. பிறகு உங்கள் வேலையிலிருந்து பத்து வாக்கியம் அதே அச்சில் நீங்களே கட்டி, வாய்விட்டுச் சொல்லுங்கள். இரண்டு நாள் விட்டு ஆங்கிலப் பக்கத்தை மூடிக்கொண்டு, தமிழை மட்டும் பார்த்து ஆங்கிலத்தில் சொல்லுங்கள். தடுக்குகிற வரிக்கு ஒரு புள்ளி வையுங்கள். ஒரே வரியில் மூன்று புள்ளி விழுந்தால் அந்த அமைப்பை அடுத்த வாரத்துக்கும் கொண்டுபோங்கள், புதிதாக எதையும் ஆரம்பிக்க வேண்டாம்.

மேனேஜர் முன்னால் வாய் கட்டிக்கொள்வதற்குக் காரணம் இந்தக் கடைசிப் படி விடுபட்டதுதான். ஆங்கிலத்தைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் பழக்கம் மூன்று நோட்டு அளவுக்கு ஆகிவிட்டது. தமிழிலிருந்து அங்கே போகும் பழக்கம் ஒரு பக்கம்கூட ஆகவில்லை.

பேப்பர் தலைப்புகளை மாதிரியாக வைத்துக்கொள்ளாதீர்கள். இடத்தை மிச்சப்படுத்துவதற்காக ‘ஏ’, ‘தி’ எல்லாவற்றையும் உதறிவிடுவார்கள். ‘சி.எம். டு ஓபன் ஃப்ளைஓவர்’ என்றால் திறக்கப்போகிறார் என்று பொருள். ‘டூ ஹெல்ட்’ (இரண்டு பேர் கைது) என்பதில் ‘வேர்’ என்ற துணைவினை காணாமல் போயிருக்கும். அப்படியே பேசினால் தந்தி வாசிப்பது மாதிரி இருக்கும். எழுதிய தலைப்புகளைக் கிழிக்க வேண்டாம், ஒவ்வொன்றுக்கும் கீழே அதே செய்தியின் முதல் வரியை எழுதுங்கள். உதறியது என்னென்ன என்று அப்போது தெரியும். ‘ஏ’, ‘தி’ படிக்க இதைவிட மலிவான வழி இல்லை.

வினைச்சொல்லுக்குப் பின்னால் எது வரும் என்பதற்குக் கற்போர் அகராதி (ஆங்கிலம் கற்றுக்கொள்கிறவர்களுக்கென்றே எழுதுவது) ஒன்று வேண்டும். 1987-இல் வந்த காலின்ஸ் கோபில்ட் அகராதி, உண்மையில் எழுதப்பட்ட, பேசப்பட்ட ஆங்கிலத்தைக் கணினியில் திரட்டி, அதிலிருந்தே உதாரணங்களை எடுத்தது. மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடைகளில் அதன் ஏதாவது ஒரு பதிப்பு கண்ணில் பட்டால் வாங்குங்கள். ‘எக்ஸ்ப்ளெயின்’ பாருங்கள்: ‘எக்ஸ்ப்ளெயின் மீ’ இருக்காது, ‘எக்ஸ்ப்ளெயின் இட் டு மீ’ இருக்கும்.

இந்த வாரத்துக்கு உங்கள் ஸ்டோர்ஸிலிருந்தே நான்கு தருகிறேன், மீதி ஆறை நீங்கள் கட்டுங்கள். நாம் ஆர்டர் போட்ட போல்ட், பணம் அனுப்பிய சப்ளையர், பில் வைத்த ஃபைல், அது வந்த பெட்டி. கடைசி மூன்றிலும் வால் உண்டு. நான்காவதில் ‘இட்’டும் வரும், இங்கே அது வரத்தான் வேண்டும். ஏன் என்று கண்டுபிடித்து எழுதுங்கள்.