பத்து நாளில் அறுவை சிகிச்சையா?

கேள்வி: எனக்கு வயது 64. பணி ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. இரவில் மூன்று நான்கு முறை சிறுநீர் கழிக்க எழ வேண்டியிருந்ததால் பரிசோதனைக்குப் போனேன். புராஸ்டேட் சுரப்பிக்கான இரத்தப் பரிசோதனையான பி.எஸ்.ஏ. 7.8 இருந்தது. பயாப்ஸியில் எடுத்த 12 திசுத் துண்டுகளில் மூன்றில் புராஸ்டேட் புற்றுநோய், அதன் தீவிரத்தைக் காட்டும் கிளீசன் எண் 3+4=7 என்று அறிக்கை வந்தது. எலும்பு ஸ்கேனில் பரவல் இல்லை. பத்து நாட்களுக்குள் ரோபோ அறுவை சிகிச்சை செய்துகொள்ளும்படி மருத்துவர் சொல்கிறார். கதிர்வீச்சே போதும் என்கிறார் மைத்துனர். இந்த வயதில் ஒன்றுமே செய்ய வேண்டாம் என்கிறார் ஒரு நண்பர். யார் சொல்வதைக் கேட்பது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கும்பகோணம்

பதில்: முதலில் அந்தப் பத்து நாள் கெடுவைத் தள்ளி வையுங்கள். நீங்கள் எழுதியிருக்கும் விவரங்களின்படி இது சுரப்பிக்குள் அடங்கியிருக்கும், நடுத்தர அபாயமுள்ள நோய்; சில வாரங்கள் விசாரித்து முடிவெடுப்பதால் குணமாகும் வாய்ப்பு குறைந்துவிடாது.

கிளீசன் எண்ணில் கூட்டுத்தொகையை மட்டும் பார்க்கக் கூடாது. ஒவ்வொரு எண்ணும் திசுவின் ஒரு வகை; மூன்றாம் வகையைவிட நான்காம் வகை முரட்டுத்தனமானது. முதலில் வரும் எண்தான் திசுவில் அதிகமாகக் காணப்படும் வகை. 4+3 என்றாலும் ஏழுதான், ஆனால் அது 3+4-ஐவிட முரட்டுத்தனமானது. இந்த வேறுபாடு நுண்ணோக்கியில் பார்ப்பவரின் கண்ணையும் பொறுத்தது என்பதால், பயாப்ஸித் திசு வைத்த கண்ணாடி ஸ்லைடுகளைக் கேட்டு வாங்கி, புற்றுநோய் மருத்துவமனை ஒன்றின் நோய்க்குறியியல் நிபுணரிடம் மறுபடி காட்டுங்கள். நான்காம் வகைத் திசு எத்தனை சதவீதம் என்று அறிக்கையில் எழுதித் தரச் சொல்லுங்கள். எம்.ஆர்.ஐ. எடுக்கவில்லையென்றால் அதையும் கேளுங்கள். பயாப்ஸியால் ஏற்பட்ட இரத்தக் கசிவு வற்றிய பிறகு எடுத்தால் படம் தெளிவாக இருக்கும்.

உங்கள் நண்பர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. பிரிட்டனில் 50 முதல் 69 வயதுக்குட்பட்ட 1,643 பேரைக் கண்காணிப்பு, அறுவை, கதிர்வீச்சு என மூன்று பிரிவாகப் பிரித்து நடத்திய ஆய்வின் பதினைந்து ஆண்டு முடிவு 2023-ல் வெளியானது. எந்தப் பிரிவை எடுத்துக்கொண்டாலும் இந்த நோயால் இறந்தவர்கள் நூற்றுக்கு ஏறத்தாழ மூன்று பேர்தான். ஆனால் நோய் பரவியது கண்காணிப்புப் பிரிவில் நூற்றுக்கு ஒன்பது பேருக்கு, மற்ற இரண்டிலும் ஐந்து பேருக்கு. கண்காணிப்பில் இருந்தவர்களில் பத்துக்கு ஆறு பேர் பின்னாளில் சிகிச்சைக்குப் போனார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு உங்களைவிடச் சாதுவான கிளீசன் 6 என்பதையும் மறக்க வேண்டாம். ஆகவே மறு ஆய்வில் நான்காம் வகை மிகச் சொற்பம் என்று வந்தால் மட்டுமே கண்காணிப்பு உங்களுக்குப் பொருந்தும். அதுவும் சும்மா இருப்பதல்ல. குறித்த இடைவெளியில் பி.எஸ்.ஏ., எம்.ஆர்.ஐ., மறு பயாப்ஸி என்று தொடர வேண்டிய ஒழுங்கு.

அறுவையா, கதிர்வீச்சா என்பது, எந்தப் பக்க விளைவை உங்களால் தாங்க முடியும் என்ற கேள்வியாகத்தான் முடியும். மேற்சொன்ன ஆய்வில், அறுவை செய்துகொண்டவர்களில் ஆறு ஆண்டுகளுக்குப் பிறகும் நூற்றுக்குப் பதினேழு பேர் சிறுநீர்க் கசிவுக்காகப் பேட் வைத்திருந்தார்கள். விறைப்புத் தன்மையும் அறுவையில்தான் அதிகம் பாதிக்கப்படுகிறது; சர்க்கரை நோய் அதை இன்னும் மோசமாக்கும். கதிர்வீச்சில் கசிவு குறைவு, ஆனால் மலக்குடல் எரிச்சலும் இரத்தக் கசிவும் சிலருக்கு வரும். முன்பு ஏழெட்டு வாரம் நீடித்த கதிர்வீச்சு இப்போது பலருக்கு நான்கு வாரத்தில், இருபது தவணைகளில் முடிகிறது. அதோடு ஆண் ஹார்மோனை அடக்கும் ஊசி வேண்டும் என்றால் ஏன், எத்தனை மாதம் என்று கேளுங்கள், ஏனெனில் அது சர்க்கரையை ஏற்றும், எலும்பையும் மெலியச் செய்யும். இன்னொன்று: அறுவைக்குப் பின் பி.எஸ்.ஏ. ஏறினால் கதிர்வீச்சு கொடுக்க முடியும். கதிர்வீச்சுக்குப் பின் அறுவை செய்வது கடினம், சிக்கல்களும் அதிகம்.

இரவில் எழுவதைப் புற்றுநோயின் அறிகுறி என்று நினைத்துப் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் அது வயதால் வரும் சுரப்பி வீக்கம், அல்லது சர்க்கரை. ஆனால் அந்த வீக்கத்தால் வரும் சிறுநீர் அடைப்பு கடுமையாக இருந்தால் கதிர்வீச்சு அதைச் சில காலம் கூட்டும், அறுவை நீக்கும். தராசு அறுவைப் பக்கம் சாய இது ஒரு நியாயமான காரணம்.

ரோபோ என்ற சொல்லுக்காக மட்டும் கடன் வாங்காதீர்கள். ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் நடந்த ஆய்வில், இரண்டு ஆண்டு கழித்துச் சிறுநீர்க் கட்டுப்பாட்டிலும் விறைப்பிலும் ரோபோ அறுவைக்கும் வழக்கமான திறந்த அறுவைக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. கருவியைவிடக் கை முக்கியம். ஆண்டுக்கு எத்தனை பேருக்குச் செய்கிறீர்கள், அவர்களில் ஓராண்டுக்குப் பின்னும் பேட் வைப்பவர் எத்தனை பேர் என்று உங்கள் மருத்துவரிடம் நேராகவே கேளுங்கள். இதற்குக் கோபித்துக்கொள்பவரிடம் அறுவை செய்துகொள்ள வேண்டாம்.

தேதி குறிக்கும் முன் கதிர்வீச்சு மருத்துவர் ஒருவரையும் பாருங்கள். அறுவை மருத்துவர் அறுவையையும் கதிர்வீச்சு மருத்துவர் கதிர்வீச்சையும் பரிந்துரைப்பது இயல்பு என்பதால் இருவர் சொல்வதும் உங்கள் காதில் விழ வேண்டும். மைத்துனரை அல்ல, மனைவியை உடன் அழைத்துச் செல்லுங்கள். விளைவுகளோடு உங்களுடன் வாழப்போகிறவர் அவர்தான். இறுதியில் அறுவை என்றே முடிவானால், இடுப்புத் தளத் தசைகளுக்கான பயிற்சியை ஒரு பிசியோதெரபிஸ்டிடம் இப்போதே கற்றுக்கொள்ளத் தொடங்குங்கள்.