அழற்சியே நுரையீரலை முதிரவைக்கும் என்றால், ஊசி எதற்கு?

கேள்வி: என் மனைவிக்கு 29ஆவது வாரத்திலேயே பனிக்குட நீர் கசிகிறது. ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி என்ற புரதம் கூடியிருக்கிறதாம். ஆன்டிபயாடிக்கும், குழந்தையின் நுரையீரல் முதிர ஸ்டீராய்டு ஊசியும் போடுகிறார்கள். தாய்க்கு அழற்சி இருந்தால் குழந்தையின் நுரையீரல் சீக்கிரம் முதிரும் என்று படித்தேன். அப்படியானால் ஊசி அவசியமா?

பதில்: அவசியம்தான். நீங்கள் படித்தது பொய்யில்லை. ஆனால் பாதிக் கதை.

மூச்சை வெளியே விடும்போது காற்று நுண்ணறைகள், நனைந்த பாலித்தீன் பை போல ஒட்டிக்கொள்ளாமல் காப்பது சர்ஃபாக்டன்ட் என்ற கொழுப்புப் படலம். சுமார் 24ஆவது வாரத்தில் சுரக்கத் தொடங்கினாலும், 35 வாரமளவில்தான் அது போதிய அளவை எட்டுகிறது.

பனிக்குடத்தில் தொற்று ஏற்பட்டால் இன்டர்லூக்கின்-1 போன்ற அழற்சிப் பொருள்கள் நீரில் கலக்கின்றன. கருவிலுள்ள குழந்தை மூச்சசைவின்போது அந்த நீரை உள்ளிழுக்கிறது, நுரையீரல் உசுப்பப்படுகிறது. சினை ஆடுகளின் பனிக்குட நீரில் பாக்டீரியா நச்சைச் செலுத்திய ஆய்வுகளில், ஒரே வாரத்தில் குட்டிகளின் சர்ஃபாக்டன்ட் பெருகியது. ஆனால் அதே நுரையீரல்களில் நுண்ணறைகள் எண்ணிக்கையில் குறைந்தும் அளவில் பெருத்தும் இருந்தன. ரத்தக்குழாய் வளர்ச்சியும் குன்றியது. மனிதரிலும் இந்த முரண் தென்பட்டது. அமெரிக்க மருத்துவர் கிறிஸ்டி வாட்டர்பெர்க் குழுவினரின் 1996 ஆய்வில், பனிக்குட அழற்சிக்கு ஆளான குறைமாதக் குழந்தைகளுக்கு ஆரம்ப மூச்சுத்திணறல் குறைவாகவும் நாள்பட்ட நுரையீரல் நோய் அதிகமாகவும் இருந்தன. அழற்சி தரும் முதிர்ச்சி, கடனுக்கு வாங்கியது.

ஸ்டீராய்டின் கணக்கு வேறு. நியூசிலாந்து மருத்துவர்கள் லிகின்ஸ், ஹோவி இருவரும் தாய்க்கு இந்த ஊசி போட்டு 1972இல் வெளியிட்ட சோதனைக்குப் பின், குறைமாதக் குழந்தைகளின் இறப்பும் மூளை ரத்தக்கசிவும் குறைவதைப் பல ஆய்வுகள் உறுதிசெய்துவிட்டன. பீட்டாமெத்தசோன் என்றால் 12 மி.கி. வீதம் 24 மணி நேர இடைவெளியில் இரண்டு ஊசி. டெக்சாமெத்தசோன் என்றால் 6 மி.கி. வீதம் 12 மணிக்கொருமுறை நான்கு. முதல் ஊசி போட்ட 24 மணி நேரத்திலிருந்து ஏழு நாள் வரை பலன் உச்சத்தில் இருக்கும். தவணையைத் தவறவிடாதீர்கள்.

சிஆர்பி கூடியதை மட்டும் வைத்துத் தொற்று என்று முடிவுகட்ட முடியாது. ஊசிக்குப் பின் வெள்ளணு எண்ணிக்கை ஏறினாலும் பதற வேண்டாம். ஸ்டீராய்டே அதை ஏற்றிவிடும். சர்க்கரையும் கூடலாம். ஆனால் 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல், துர்நாற்ற நீர், அடிவயிற்றைத் தொட்டால் வலி, குழந்தையின் அசைவு குறைதல், இவற்றில் ஒன்று தெரிந்தாலும் நள்ளிரவானாலும் செவிலியரை அழையுங்கள். தொற்று உறுதியானால், வாரக் கணக்குப் பார்த்துக் காத்திருக்காமல் பிரசவத்துக்கு ஏற்பாடு செய்வார்கள்.