பாட்டிலில் இல்லாத அந்த ஒரு வார்த்தை

கேள்வி: என் அண்ணன் தினமும் குடிக்கிறார். "பாட்டிலிலேயே தீங்கு என்று போட்டிருக்கிறதே" என்றால், "அதெல்லாம் சும்மா போடுறது" என்கிறார். அந்த எச்சரிக்கையால் ஏதாவது பிரயோஜனம் உண்டா, டாக்டர்? (வாசகி, திண்டுக்கல்)

பதில்: இப்போது இருக்கிற வாசகத்தால் பெரிதாக இல்லை, சகோதரி. சரியான வாசகமாக இருந்தால் உண்டு. உங்கள் கடிதத்தைப் படித்ததும் கிளினிக்குக்குப் பின்பக்கம் கிடந்த காலி குவார்ட்டர் பாட்டில் ஒன்றை எடுத்துவந்து மேசையில் வைத்துப் பார்த்தேன். பிராண்டு பெயர் வாசலில் நின்றாலே தெரிகிறது, எச்சரிக்கையைப் படிக்கக் கண்ணாடி போட்டுக்கொண்டு டியூப் லைட் பக்கம் திருப்ப வேண்டியிருந்தது. மது உடல்நலத்துக்குத் தீங்கு, குடித்துவிட்டு வண்டி ஓட்டாதீர்கள், அவ்வளவுதான். 2019 ஏப்ரலிலிருந்து நாடு முழுக்க உள்ள விதி இது. சரி, என்ன தீங்கு? முறுக்கும் மிக்சரும்கூடத்தான் தீங்கு என்கிறோம். புற்றுநோய் என்ற வார்த்தை அதில் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, புற்றுநோயை உண்டாக்குவது உறுதி என்ற பட்டியலில் மதுவைச் சேர்த்தது 1988-ல். புகையிலை இருக்கும் அதே பட்டியல்தான். சிகரெட் பெட்டியில் 85 சதவீத இடத்தில் படத்தோடு எச்சரிக்கை போட வைத்த நாடு, மது பாட்டிலில் அந்த ஒரு வார்த்தையைப் போட வைக்கவில்லை.

போட்டால் என்ன ஆகும்? கனடாவின் வடகோடியில் யூகான் என்று ஒரு பிரதேசம். நம் டாஸ்மாக் மாதிரியே அங்கேயும் மதுக்கடையை நடத்துவது அரசுதான். 2017 நவம்பரில் அதன் தலைநகர் வைட்ஹார்ஸில் ஆராய்ச்சியாளர்கள் ஒரு சோதனை தொடங்கினார்கள்: பளிச்சென்ற மஞ்சள் லேபிள், சுற்றிலும் சிவப்புக் கரை, மது புற்றுநோயை உண்டாக்கக்கூடும், மார்பகம், பெருங்குடல் உட்பட என்று நேரடியான வாசகம். ஒரு மாதம்கூடத் தாண்டியிருக்காது, மது உற்பத்தியாளர் சங்கங்கள் எதிர்த்து நின்றன, வழக்கு வந்தால் செலவு தாங்காது என்று அரசு பயந்து சோதனையை நிறுத்திவிட்டது. மறுபடி தொடங்கியபோது புற்றுநோய் லேபிள் மட்டும் இல்லை! எவ்வளவு குடித்தால் ஆபத்து குறைவு, ஒரு பாட்டிலில் எத்தனை அளவு மது இருக்கிறது என்ற லேபிள்கள் மட்டும் ஒட்டினார்கள். அப்படியும் லேபிள் ஒட்டிய மதுவின் விற்பனை, ஒட்டாத ஊர்களோடு ஒப்பிட்டால், தலைக்குச் சுமார் 6.6 சதவீதம் குறைந்தது. பிரயோஜனம் இல்லாத ஒரு காகிதத் துண்டுக்காக அந்தச் சங்கங்கள் இவ்வளவு பாடுபட்டிருக்குமா?

அயர்லாந்தும் இதே பாதையில்தான் தட்டுத் தடுமாறுகிறது. மது கல்லீரல் நோயை உண்டாக்கும், உயிரைக் கொல்லும் புற்றுநோய்களுக்கும் மதுவுக்கும் நேரடித் தொடர்பு உண்டு என்று எல்லா பாட்டிலிலும் போட வேண்டும் என 2023-ல் விதி கொண்டுவந்தார்கள். 2026 மே மாதம் நடைமுறைக்கு வந்திருக்க வேண்டியதை, வர்த்தகச் சூழல் சரியில்லை என்று சொல்லி 2028 செப்டம்பருக்குத் தள்ளிவிட்டார்கள். எனக்கு ஆறவே இல்லை.

கேள்வி: நான் பீர் மட்டும்தான், அதுவும் வாரக் கடைசியில். எனக்கும் இது பொருந்துமா? (வாசகர், ஓசூர்)

பதில்: பொருந்தும். கெடுதல் செய்வது பிராந்தியோ பீரோ அல்ல, அதில் இருக்கும் எத்தனால். உடம்பு அதை அசிட்டால்டிஹைடு என்ற பொருளாக மாற்றுகிறது, அது நம் செல்களின் மரபணுவைச் சிதைக்கிறது. வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய், கல்லீரல், பெருங்குடல், பெண்களுக்கு மார்பகம் என்று ஏழு இடங்களில் புற்றுநோய்க்கும் மதுவுக்கும் தொடர்பு உறுதியாகியிருக்கிறது. குறைவாகக் குடித்தால் ஆபத்து குறைவுதான், ஆனால் இதற்குக் கீழே ஆபத்தே இல்லை என்று சொல்ல ஒரு அளவு கிடையாது. கூடவே சிகரெட், பான் மசாலா என்று ஏதாவது இருந்தால் வாய்க்கும் தொண்டைக்கும் ஆபத்து பல மடங்கு ஏறும். அதை முதலில் விடுங்கள்.

கேள்வி: என் கணவர் பன்னிரண்டு வருடமாக தினமும் குடிப்பவர். நாளையிலிருந்து தொடவே மாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறார். சந்தோஷமாகவும் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது. (வாசகி, விருதுநகர்)

பதில்: சந்தோஷப்படுங்கள் அம்மா, ஆனால் நாளைக்கே அவரைக் கூட்டிக்கொண்டு அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போய்விடுங்கள். இத்தனை வருடம் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு மூன்று நாட்களில் கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை, சிலருக்கு வலிப்பு, இல்லாத ஆள் எதிரில் நிற்பதுபோலப் பேசுவது எல்லாம் வரும். உயிருக்கே ஆபத்தாகலாம். பேய் பிடித்துவிட்டது என்று கோயிலுக்குக் கூட்டிப்போய், நினைவு தப்பிய பிறகு என்னிடம் கொண்டுவந்தவர்கள் உண்டு. டாக்டர் தரும் மாத்திரையின் உதவியோடு குடியை நிறுத்தினால் இதைப் பத்திரமாகத் தாண்டிவிடலாம். போவதற்கு முன் யாரிடமாவது கேட்க வேண்டுமென்றால் குடியிலிருந்து மீள உதவும் 14446 என்ற கட்டணமில்லா எண்ணில் பேசுங்கள். வலிப்பு வந்தாலோ உளற ஆரம்பித்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.