அடிச்சாங்க என்றால் எத்தனை பேர்?

ஐயா,
அரூர் பக்கம் ஒரு கிராமம். தர்மபுரியில் பி.எல். கடைசி வருடம். மனித உரிமைச் சட்டம் கற்பிக்கும் பேராசிரியராக ஆசை. முழுக்கத் தமிழ்வழியில் படித்தவன், ஆங்கிலம் தடுமாறுகிறது. வெளிநாட்டில் சட்ட மேற்படிப்பான எல்.எல்.எம். படித்தால்தான் மதிப்பு என்கிறார்கள். நம் ஊரில் இருந்துகொண்டு இந்தத் துறையில் என்ன செய்துவிட முடியும்?
ம., அரூர்

அன்புள்ள ம.,

உதவித்தொகை கிடைத்தால் வெளிநாடு போங்கள், கடன் வாங்கிப் போக வேண்டாம். இங்கே வேலைக்கு எல்.எல்.எம்.மில் 55 விழுக்காடும் (இடஒதுக்கீட்டுப் பிரிவுக்கு 50) நெட் அல்லது செட் எனும் கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சியும் வேண்டும். நெட்டில் 150 கேள்வி, மூன்று மணி நேரம். தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை, ஒன்றையும் விடாமல் எழுதுங்கள்.

ஆனால் அந்தக் கடைசி வரியை அரூர்க்காரர் எழுதலாமா? வாச்சாத்தி உங்களுக்குப் பக்கத்து ஊர். 1992 ஜூன் 20 அன்று அங்கே பழங்குடி மக்களை அடித்து, பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்ததற்காக வனம், காவல், வருவாய்த் துறைகளைச் சேர்ந்த 269 பேர் மீது வழக்கு நடந்தது. தீர்ப்பு வந்தது 2011 செப்டம்பர் 29-இல், தர்மபுரி நீதிமன்றத்தில். அதற்குள் 54 பேர் இறந்துவிட்டார்கள். மிச்சம் 215 பேரும் குற்றவாளிகள். 2023-இல் உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1997-இல் கையெழுத்துப் போட்டதோடு சரி, இன்றுவரை ஏற்புறுதி இல்லை. அந்த உடன்படிக்கையின் துணை இல்லாமல் இந்த வழக்கு இந்திய தண்டனைச் சட்டத்திலும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்திலும்தான் நின்றது. நிறுத்தியது கூண்டேறிச் சொன்ன சாட்சியம்.

அந்தச் சாட்சியம் எந்த மொழியில் இருக்கும்? நம் மாவட்ட நீதிமன்றங்களில் தமிழில் பதிவாகிறது. மேல்முறையீட்டில் ஆங்கிலமாகிறது. இடையில் என்ன தொலைகிறது என்று பாருங்கள். ஒரு சாட்சி "அடிச்சாங்க" என்கிறார். நம் ஊர்ப் பேச்சில் அது பலராகவும் இருக்கலாம், மரியாதையாகச் சொன்ன ஒருவராகவும் இருக்கலாம். தன்னை அடித்த அதிகாரியைக்கூட "அவங்க" என்றுதான் சொல்வார்கள். ஆங்கிலத்தில் ஒருமையா பன்மையா என்று மொழிபெயர்ப்பவர் முடிவு செய்தாக வேண்டும். பன்மை போட்டால் எதிரிகளின், அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்களின், எண்ணிக்கை கூடிவிடும். குறுக்கு விசாரணையில் "ஒருத்தர்தான்" என்று வந்துவிட்டால் முரண்பாடு என்பார்கள். சாட்சி பொய் சொல்லவே இல்லை! இதை ஆங்கிலவழியில் மட்டும் படித்தவர் கண்டுபிடிக்க முடியாது. உங்களால் முடியும். அதை விட்டுவிட்டு ஆங்கிலம் வரவில்லை என்று அழுகிறீர்கள்.

முடிந்துபோன வழக்கு ஒன்றை எடுங்கள். காவலில் அடித்தது, கொத்தடிமை, எதுவானாலும். நீதிமன்றங்களின் இ-கோர்ட்ஸ் இணையதளத்தில், வழக்கின் அடையாளமான 16 எழுத்து சி.என்.ஆர். எண்ணைப் போட்டால் தீர்ப்பு கிடைக்கலாம். அதோடு நிற்காதீர்கள், தீர்ப்பில் இருப்பது நீதிபதியின் சுருக்கம். சாட்சிய நகலுக்கு மனுப் போடுங்கள். நீங்கள் வழக்கின் தரப்பு அல்ல, ஆகவே காரணம் சொல்லி உறுதிமொழிப் பத்திரமும் துறைத் தலைவர் கடிதமும் சேருங்கள். ஒரு தாளில் நான்கு நெடுவரிசை: போலீஸ் வாக்குமூலம், மாஜிஸ்திரேட் வாக்குமூலம், முதல் விசாரணை (சாட்சியை அழைத்த தரப்பு கேட்பது), குறுக்கு விசாரணை. ஒரே சம்பவத்தைச் சொல்லும் வாக்கியத்தை நான்கிலும் எதிரெதிரே எழுதுங்கள். முதல் நெடுவரிசையில் "மேற்படி எதிரியானவர்" என்று வந்தால் அது ஏட்டையா தமிழ். அந்த வாக்குமூலத்தில் சாட்சியின் கையெழுத்தே இருக்காது.

பாலியல் குற்ற வழக்குகளை இப்போது தொடாதீர்கள். பிறகு தொட்டாலும் பாதிக்கப்பட்டவரின் பெயரை எழுதக் கூடாது, அது தண்டனைக்குரிய குற்றம். அ.சா.3 (அரசுத் தரப்பு சாட்சி 3) என்று எண் போட்டுவிட்டுப் பக்கத்தில் ஊர்ப் பெயரை எழுதிவைப்பவர்கள் இருக்கிறார்கள். சின்ன ஊரில் அதுவே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும்.

முதல் தாளை நிரப்பியதும் எனக்கு அனுப்புங்கள். நகல் மனுவில் கட்டண வில்லை ஒட்ட மறக்காதீர்கள், திருப்பி அனுப்பிவிடுவார்கள்.