சிரித்தால் அடி விழாதா?

கேள்வி: கடை ஊழியர்களை வாடிக்கையாளர்கள் தாக்குவதாக அடிக்கடி செய்தி வருகிறது. ஊழியர்கள் சிரித்த முகத்தோடு பொறுமையாகப் பேசினால் தகராறுக்கே இடமிருக்காதே?

பதில்: அடி வாங்கியவருக்கே அறிவுரையா? நல்ல நியாயம்!

தகராறு எந்த வார்த்தையில் தொடங்குகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? 'பில் இல்லாமல் திருப்பி எடுக்க மாட்டோம்', 'சிகரெட்டா? வயதுச் சான்று காட்டுங்கள்', 'கடை மூடும் நேரம் சார்'. இதில் எதுவும் கவுன்ட்டரில் நிற்பவர் போட்ட விதி இல்லை. சில முதலாளி போட்டவை, சில சட்டம் போட்டவை. விதி போட்டவருக்கு ஏசி அறை. அதை எடுத்துச் சொன்னவருக்குக் கன்னத்தில் அறை.

ஸ்காட்லாந்துக்கு இது உறைத்தது. அங்கே 2021இல் வந்த சட்டப்படி கடை ஊழியரைத் தாக்குவதும் மிரட்டுவதும் தனிக் குற்றம். வயதுச் சான்று கேட்டார் என்பதற்காகக் கை வைத்தால் குற்றத்தின் கடுமை கூடும். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 190ஆம் உடன்படிக்கையும் (2019) வேலையிட வன்முறையில் வெளியாட்கள் செய்வதையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது.

திருட்டு விவகாரம் இன்னும் மோசம். காணாமல் போன சரக்கை ஊழியர் சம்பளத்தில் பிடிக்கிற கடைகள் உண்டு. அங்கே வேலை செய்பவர் திருடனைத் துரத்தி ஓடினால் அதற்குப் பெயர் வீரமில்லை, சம்பளக் கணக்கு. ஓடுகிறவன் இடுப்பில் கத்தி இருக்கிறதா என்று யோசிக்க அவருக்கு நேரமில்லை. போன பொருளை மறுநாளே மறுபடி வாங்கி அடுக்கிவிடலாம், கிழிந்த வயிற்றை?

என்ன செய்யலாம் என்பதும் ரகசியமில்லை. இரவு டியூட்டிக்கு ஒருவரைத் தனியாக விடாதிருப்பது, கல்லாவில் கொஞ்சமாகவே பணம் வைப்பது, வெளியே போகிறவருக்கு உள்ளே நடப்பது தெரியும்படி கண்ணாடியில் விளம்பரம் ஒட்டாதிருப்பது. அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு நிர்வாகம் இரவுக் கடைகளுக்கு இதையெல்லாம் பல ஆண்டுகளாகச் சொல்கிறது. நம் முதலாளிகளோ கேமரா மாட்டியதும் கடமை முடிந்தது என்கிறார்கள். கேமரா அடியைத் தடுக்காது, படம்தான் பிடிக்கும். அதுவும் பாதிக் கடைகளில் அது பார்ப்பது கேஷியரின் கையை!

(யாரும் அடிக்காமலே ஏணியில் வழுக்கியும் பெட்டி தூக்கியும் ஒடிகிற இடுப்புகள் தனிக் கணக்கு. அவை செய்தியாவதே இல்லை.)

சிரிப்பு பற்றிக் கேட்டீர்கள். சிரித்ததற்கே 'என்ன நக்கலா?' என்று அடி வாங்கியவர்களும் இருக்கிறார்கள் ஐயா.