உடைந்த ஆத்தங்குடிக் கற்கள்

கேள்வி: எங்கள் பழைய வீட்டைச் செப்பனிட்டபோது, தரையில் பதித்திருந்து உடைந்த ஆத்தங்குடிக் கற்களும், ஆச்சியின் கிழிந்த கண்டாங்கிச் சேலைகளும் மிஞ்சின. எறிய மனமில்லை. எதைச் செய்யலாம், அதற்கான கற்பனை எங்கிருந்து வரும்?
— ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: எறியாமல் வைத்திருந்தீர்களே, அதுவே எனக்குப் பெருமகிழ்ச்சி. அப்பொருள் உருவான விதத்திலிருந்தே தொடங்குங்கள். ஆத்தங்குடிக் கல் சூளையில் சுடப்படுவதில்லை. கண்ணாடியின் மேல் உலோக அச்சை வைத்து, அதன் அறைகளில் வண்ணச் சிமென்ட் கரைசலை ஊற்றி, அச்சை எடுத்தபின் மணலும் சிமென்டும் இட்டு அழுத்தி, நீரில் ஊறவைத்து உலர்த்துவதால், கண்ணாடியின் வழவழப்பே கல்லின் முகமாகிறது. வண்ணம் மேலடுக்கில் மட்டுமே இருப்பதால் துண்டுகளின் முகத்தை இயந்திரத்தால் தேய்க்காதீர்கள். பூவிதழின் பாதி ஒரு துண்டிலும் மீதி வேறொரு துண்டிலும் இருப்பின், அவற்றை வலிந்து பொருத்தாமல், இடைவெளிவிட்டுத் திண்ணை ஓரத்திலோ துளசி மாடத்திலோ பதியுங்கள். அந்த இடைவெளியில்தான் தங்களுக்கே உரிய வடிவம் பிறக்கும்.

கண்டாங்கிக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் பெரிய கட்டங்கள் குலையாதவாறு வெட்டி, பனையோலைக் கூடையான கொட்டானுக்கு உள்துணியாகத் தைக்கலாம்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்கும் ஒருமுறை சென்று, பழைய மரவேலைப்பாடுகளைப் பார்த்துத் தாளில் வரைந்து வாருங்கள்.