பேச அழுத்தினால் ரேடியோ அணைகிறது

கேள்வி: என் பாய்மரப்படகில் வி.எச்.எஃப். ரேடியோவில் மற்றவர்கள் பேசுவது நன்றாகக் கேட்கிறது. நான் பேச பட்டனை அழுத்தினால் உடனே அணைந்துவிடுகிறது. பேட்டரி புதிது, 12.6 வோல்ட் காட்டுகிறது. ரேடியோவை மாற்ற வேண்டுமா?

பதில்: அவசரப்பட்டு மாற்றாதீர்கள், கோளாறு பெரும்பாலும் வயரில்தான். கேட்கும்போது ரேடியோ கொஞ்சம்தான் மின்சாரம் எடுக்கும், ஆனால் 25 வாட்டில் பேசும்போது 5, 6 ஆம்பியர் இழுக்கும். வழியில் ஒரு இணைப்பு களிம்பேறி அரை ஓம் தடை வந்திருந்தால் போதும், 2.5 வோல்ட்டுக்கு மேல் அங்கேயே காலி. ரேடியோவுக்கு மிஞ்சுவது 10 வோல்ட்தான், அது போதாமல் அணைந்துவிடுகிறது.

ஆன்டெனா மாட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அவசர அழைப்புக்கான 16ஆம் சேனலை விட்டு ஆளில்லாத வேறு சேனலில் சில விநாடி அழுத்தி, அப்போது ரேடியோவின் பின்பக்க வயரில் மல்டிமீட்டர் (வோல்ட் அளக்கும் கருவி) வைத்துப் பாருங்கள். சும்மா இருக்கும்போது அளந்தால் எல்லாம் சரியாகத்தான் காட்டும்! அப்புறம் பேட்டரி பாசிட்டிவுக்கும் ரேடியோ பாசிட்டிவுக்கும் நடுவே அதேபோல் அளங்கள், நெகட்டிவிலும் மறக்காமல் (பலரும் விட்டுவிடுவது இதைத்தான்). 0.36 வோல்ட்டுக்கு, அதாவது 12 வோல்ட்டில் 3 சதவீதத்துக்கு, மேல் மொத்த இழப்பு இருக்கக்கூடாது.

ஃபியூஸ் தாங்கியைத் திறந்தால் பச்சைக் களிம்பு தெரியலாம். வெட்டி எறிந்துவிட்டு வெள்ளீயம் பூசிய செம்பு வயர் போடுங்கள், முனைகளை கிரிம்ப் செய்து (இடுக்கியால் அழுத்திப் பொருத்தி), பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாயால் (சூடாக்கினால் சுருங்கி இறுகுவது) மூடுங்கள். புது ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும்.